க்ருங் தேப்பா, பாங்காக்கா? தாய்லாந்துத் தலைநகரின் பெயர் வந்த வழி

#1 கூடல்வாசி

எங்கள் தெரு வாட்ஸ்அப் குழுவில் நேற்று முழுக்க ஒரே சண்டை. ஒருத்தர் ஒரு பார்வர்டு போட்டார்: பாங்காக் என்பது வெள்ளைக்காரன் வைத்த பெயராம், உண்மையான பெயர் க்ருங் தேப்பாம், நாம் மெட்ராஸைச் சென்னை ஆக்கிய மாதிரி அவர்களும் 1972இல் மாற்றிக்கொண்டார்களாம். உடனே இன்னொருத்தர், அது பாதிப் பெயர்தான், முழுப்பெயர் 168 எழுத்து, கின்னஸ் புத்தகத்திலேயே இருக்கிறது என்றார். மூன்றாமவர் பாங்காக் என்றால் மாந்தோப்பு என்று ஒரு போடு போட்டார்.

இங்கே விஷயம் தெரிந்த ஆட்கள் இருக்கிறீர்கள். மூன்றில் எது தேறும்? விக்கிப்பீடியாவைப் பார் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், பார்த்துக் குழம்பித்தான் இங்கே வந்திருக்கிறேன்.

#2 கீழக்கரைக் கல்லுக்காரர்

பாங்காக்கில் சிலோம் பக்கம் மகேசாக் ரோட்டில் ரத்தினக் கல் வியாபாரம் எனக்கு. ஏட்டில் படித்தது பிறகு வரட்டும், காதில் விழுவதை முதலில் சொல்கிறேன்.

இங்கே உள்ளூர்க்காரர் வாயில் பாங்காக் என்ற சொல் வரவே வராது. தங்களுக்குள் பேசும்போது "க்ருங் தேப்"தான். வடக்கே சியாங் மாயில் பஸ் ஏறினாலும் பலகையில் க்ருங் தேப், கார் நம்பர் பிளேட்டின் அடியில் "க்ருங் தேப் மகா நகோன்" என்று முழுசாக இருக்கும். மாநகராட்சி சமாச்சாரம் என்றால் "கோ தோ மோ" என்று மூன்றே எழுத்தில் முடித்துவிடுவார்கள். நம்மிடம் இங்கிலீஷில் பேசினால் மட்டும் அதே ஆள் பாங்காக் என்பார். இதில் அவர்களுக்கு ஒரு சங்கடமும் இல்லை. ஊருக்கு ஒரு பேர், விருந்தாளிக்கு ஒரு பேர், அவ்வளவுதான்.

வேடிக்கை என்னவென்றால், டாக்ஸியில் ஏறி அவர்கள் மொழியிலேயே "பாங் கோக்" போகணும் என்று சொல்லிப் பாருங்கள். "நோயா, யாயா?" என்று திருப்பிக் கேட்பார். சின்னதா பெரியதா என்று கேட்கிறார். பாங்காக் நோய், பாங்காக் யாய் என்று இரண்டு வட்டாரங்கள் ஆற்றுக்கு அக்கரையில் இருக்கின்றன. அவரைப் பொறுத்தவரை பாங்காக் அங்கேதான்.

#3 ஏட்டுச்சுவடி

பாய் கடைசியில் சொன்னதில்தான் மொத்த விஷயமும் இருக்கிறது. அதற்கு வருகிறேன். முதலில் அந்த நீளப் பெயர். நம் ஆட்களுக்கு இது திருவிழாச் சாப்பாடு மாதிரி, ஏனென்றால் முக்கால்வாசி நமக்கே புரியும். அவர்கள் சொல்லும் ஓசையில் முதலில்:

*க்ருங் தேப் மகாநகோன் அமோன் ரத்தனகோசின் மகிந்தரா யுத்தயா மகாதிலோக் போப் நோப்பரத் ராச்சதானி புரிரோம் உதோம் ராச்சநிவேத் மகாசதான் அமோன் பிமான் அவதான் சதித் சக்கதத்திய வித்சனுகம் பிரசித்*

இப்போது இதைப் பிரித்தால்: தேவ மகாநகரம். அமர ரத்தின கோசிந்திர, அதாவது இந்திரனின் ரத்தினம் அழியாமல் இருக்கும் இடம் (பாலி மொழியில் கோசிய என்பது இந்திரன் பெயர், வடமொழியில் கௌசிகன்). மகேந்திர அயோத்தியா, மகா இந்திரனின் வெல்ல முடியாத ஊர். மகா திலக பவ, உலகுக்குத் திலகம். நவரத்தின ராஜதானி, புரி ரம்ய. உத்தம ராஜநிவேசன மகாஸ்தானம். அமர விமானம், அவதாரம் செய்தவர் தங்கியிருக்கும் இடம். சக்ரன் தத்தம் செய்து விஸ்வகர்மா கட்டி முடித்தது. சக்ரன் என்றால் மறுபடியும் இந்திரன்தான். ஒரே பெயருக்குள் அவன் மூன்று தடவை வந்துவிட்டுப் போகிறான்.

விஸ்வகர்மா அங்கே "விஷ்ணுகர்மா" ஆகிவிட்டார், வித்சனுகம் என்பது அவர்தான். விஷ்ணுவைத் தேடிக் கிளம்பிவிடாதீர்கள்.

168 என்பது கின்னஸ் கணக்கு. ரோமன் எழுத்தில் எப்படிப் பெயர்த்து எழுதுகிறோம் என்பதைப் பொறுத்து ஒன்றிரண்டு கூடும், குறையும்.

#4 தென்காசித் தம்பி

அண்ணே, நகரம் எப்படி நகோன் ஆச்சு? அமரன் எப்படி அமோன் ஆனான்? நாக்கு சுளுக்கினாலும் இப்படி வராதே.

#5 ஏட்டுச்சுவடி

அது சுளுக்கு இல்லை தம்பி, ஒழுங்கான விதி. எழுத்தில் வடமொழி மூலத்தை அப்படியே வைத்திருப்பார்கள், வாசிக்கும்போது கடைசியில் உள்ள அகரம் போய்விடும். நகர என்பது "நகர்" என்று நிற்கும். அவர்கள் மொழியில் சொல் ரகரத்தில் முடியாது, அதனால் ர் போய் ன் வரும். இரண்டு மெய்க்கு நடுவில் மாட்டிய அகரம் ஒகரமாகும். நகர், நகன், நகோன். அமரவும் அதே வழியில் அமோன். திலக, திலோக். ரம்ய, ரோம். தன, தோன். தேவ என்பதில் வகரம் கடைசியில் பகரமாகித் தேப்.

இந்த நாலு விதியைக் கையில் வைத்துக்கொண்டு பாங்காக் வரைபடத்தைப் பாருங்கள், பாதி இடம் தெரிந்த முகமாகிவிடும். விமான நிலையத்தில் சுவர்ணபூமி என்று எழுதியிருக்கும், ஆனால் அவர்கள் சொல்வது "சுவன்னபூம்". கடைசி இகரம் எழுத்தோடு சரி.

#6 மணல்மேடு

இங்கிலீஷ் பத்திரிகை எல்லாம் சிட்டி ஆஃப் ஏஞ்சல்ஸ் என்று எழுதுகிறானே, அப்புறம் தமிழ்ப் பத்திரிகைக்காரர் அதைப் பார்த்து "தேவதைகளின் நகரம்" என்று போடுகிறார். தேவதை என்றதும் நமக்கு இறக்கை வைத்த வெள்ளைக் கவுன்தான் ஞாபகம் வருகிறது. தேவர்கள் நகரம் என்று நேராகச் சொல்ல என்ன தடை? இந்திரன் ஊர் என்றால் நமக்கு அமராவதி. பெயர் வைத்தவர்கள் மனதில் இருந்ததும் ஏறக்குறைய அதுதானே.

#7 ஏட்டுச்சுவடி

நூற்றுக்கு நூறு. லாஸ் ஏஞ்சல்ஸுக்குச் சம்பந்தி ஆக்கிப் பார்க்கும் ஆசையில் இங்கிலீஷ்காரர்கள் செய்த வேலை. அந்தப் பெயரில் கிறித்தவ வானவர் யாரும் இல்லை. இந்திரன், விஸ்வகர்மா, அமர விமானம், எல்லாம் பௌத்தம் வழியே போன நம் பழைய தேவலோகம்.

#8 யாழ்ச்சுதன்

வணக்கம். நாங்கள் பாங்கொக் எண்டுதான் எழுதுறது. இலங்கைப் பேப்பர்களிலையும் அப்பிடித்தான் வரும். அந்த ஊர்க்காரற்றை உச்சரிப்புக்கும் அதுதான் கிட்ட எண்டு நினைக்கிறன், "கோக்" தானே, "காக்" இல்லையே.

மாந்தோப்புக் கதைக்கு வாறன். "பாங்" எண்டால் ஆத்தங்கரை ஊர், வாய்க்கால் கரையிலை இருக்கிற குடியிருப்பு. "மகோக்" எண்டது ஒரு மரம். பாங் மகோக் தான் தேய்ஞ்சு பாங்கொக் ஆனது எண்டு சொல்லுவினம். மகோக் மாங்காய் இல்லை, எங்கடை அம்பரலங்காய் இனம். அங்கத்தைப் பப்பாசிக்காய்ச் சம்பலுக்கை, சோம் தாம் எண்டுறது, அதுக்கை இந்தக் காயைச் சீவிப் போட்டு இடிக்கிறதை நான் பார்த்திருக்கிறன். நல்ல புளி, கடைசியிலை ஒரு துவர்ப்பு. அம்பரலங்காய் அச்சாறு சாப்பிட்ட ஆக்களுக்கு விளங்கும்.

#9 பொதிகைப் பச்சிலை

யாழ்ச்சுதன் அண்ணா, அங்கேதான் ஒரு சிக்கல். மகோக் என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட மரம் உண்டு. நீங்கள் சொல்வது ஸ்பாண்டியாஸ் இனம், சோம் தாமில் விழுவது அதுதான், சந்தேகமில்லை. ஆனால் ஊர்ப்பெயருக்குச் சொல்லப்படுவது "மகோக் நாம்", நாம் என்றால் தண்ணீர். இது வேறு குடும்பம், எலியோகார்பஸ் ஹைக்ரோஃபிலஸ். ஹைக்ரோஃபிலஸ் என்றாலே ஈரத்தை விரும்புவது, நீர்க்கரையில் வளரும் மரம். பார்க்க ஆலிவ் மாதிரி காய்க்கும், ஊறுகாய் போடுவார்கள். வாய்க்கால் கரை ஊருக்குப் பெயர் தர இதுதான் பொருத்தம் என்பது என் கட்சி.

இந்த எலியோகார்பஸ் யார் தெரியுமா? நம் ருத்திராட்ச மரத்தின் பேரினம். பாங்காக்கின் பெயரில் ருத்திராட்சத்தின் சித்தப்பா மகன் உட்கார்ந்திருக்கிறான்.

#10 யாழ்ச்சுதன்

அப்ப சம்பலுக்கை போட ஏலாதோ?

#11 பொதிகைப் பச்சிலை

ஊறுகாயாகச் சாப்பிடுங்கள். ருத்திராட்சத்தின் உறவு என்று கழுத்தில் மட்டும் போட்டுக்கொள்ளாதீர்கள்.

#12 ஆற்றோரம்

மரக் கட்சிக்கு ஒரு நல்ல சாட்சி இருக்கிறது. இன்று உலகமே படம் எடுக்கும் வாட் அருண் கோயிலின் பழைய பெயர் வாட் மகோக். அது நிற்பது மேற்குக் கரையில், அரண்மனைக்கு நேர் எதிரே.

இன்னொரு கட்சியும் உண்டு: பாங் கோ. "கோ" என்றால் தீவு (கோ சாமுய், கோ பீ பீ எல்லாம் கேள்விப்பட்டிருப்பீர்கள்). இது தமாஷ் இல்லை, அந்த ஆற்றின் கதை தெரிந்தால் நியாயம் புரியும்.

சாவ் பிரயா ஆறு ஒரு காலத்தில் இந்த இடத்தில் மேற்கே ஒரு பெரிய வளையம் போட்டுத்தான் கீழே இறங்கியது. அன்றைய தலைநகர் அயுத்தயாவுக்குப் போகும் கப்பல் எல்லாம் அந்த வளையத்தைச் சுற்ற வேண்டும். மன்னர் சாயிராச்சாதிராத் காலத்தில், 1542 வாக்கில், வளையத்தின் கழுத்தைக் குறுக்கே வெட்டி ஒரு வாய்க்கால் விட்டார்கள். ஆறு என்ன செய்தது? பழைய வழியை விட்டுவிட்டு வெட்டிய வழியிலேயே பாய்ந்தது, கரையை அரித்து அகலப்படுத்திக்கொண்டது. இன்று அரண்மனைக்கும் வாட் அருணுக்கும் நடுவில் படகு விடும் அந்த அகலமான ஆறு மனிதன் வெட்டிய வாய்க்கால்தான்! பழைய ஆறு சுருங்கி இன்று க்ளோங் பாங்காக் நோய், க்ளோங் பாங்காக் யாய் என்ற பெயர்களில் வாய்க்காலாகக் கிடக்கிறது. ஆறு வாய்க்கால் ஆச்சு, வாய்க்கால் ஆறாச்சு. நடுவில் மாட்டிய நிலம் நாலு பக்கமும் தண்ணீராகத் தீவு ஆனது. அதனால் பாங் கோ என்கிறார்கள்.

எனக்கு மரம்தான் சரி என்று படுகிறது. கோயில் பெயர் கையில் இருக்கிறது, தீவுக் கட்சிக்கு அப்படி ஒரு சாட்சி இல்லை.

#13 கூடல்வாசி

அடேங்கப்பா. அப்படியானால் "வெள்ளைக்காரன் வைத்த பெயர்" கதை?

#14 ஆற்றோரம்

அது முழுப் பொய். மரம், தீவு இரண்டில் எந்தக் கட்சியை எடுத்தாலும் அது அவர்கள் மொழிச் சொல். வெள்ளைக்காரன் அதை வைக்கவில்லை, கேட்டதை எழுதிக்கொண்டான். அயுத்தயா தலைநகராக இருந்த காலத்தில் கடலிலிருந்து வரும் கப்பல் எல்லாம் இந்த இடத்தில் சுங்கம் கட்டித்தான் மேலே போகணும். அதனால் அயுத்தயாவைப் பார்ப்பதற்கு முன்பே வெளிநாட்டுக்காரன் பார்த்தது பாங்காக்கை. 1688இல் பிரெஞ்சுக்காரர்கள் இங்கே கோட்டைக்குள் மாட்டிக்கொண்டு முற்றுகையில் தவித்ததையே "பாங்காக் முற்றுகை" என்றுதான் எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தக் காலத்துக் கோட்டை ஒன்று, விச்சாய் பிரசித், மேற்குக் கரையில் பாங்காக் யாய் வாய்க்கால் வாயில் இன்னும் நிற்கிறது.

தலைநகர் இங்கே வருவதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன்பே அந்தப் பெயர் ஐரோப்பிய ஏடுகளில் ஏறிவிட்டது. தலைநகர் வந்த பிறகு உள்ளூர்க்காரர்கள் புதுப் பட்டப்பெயரைப் பிடித்துக்கொண்டார்கள், வெளியூர்க்காரன் பழகிய பெயரை விடவில்லை. அந்தக் காலத்து அரசாங்க ஏட்டுப் பெயரும் வேறு: தோன்புரி ஸ்ரீ மகாசமுத். ஏட்டுச்சுவடி சொன்ன விதியைப் போட்டுப் பாருங்கள்.

#15 தென்காசித் தம்பி

தன புரி, ஸ்ரீ மகா சமுத்திரம்! சுங்கச் சாவடிக்கு இதைவிடப் பொருத்தமாப் பேர் வைக்க முடியாது. வசூல் ஆகிற இடமாச்சே.

#16 கீழக்கரைக் கல்லுக்காரர்

நானும் ஒரு கை போடுகிறேன். "ரத்தனகோசின்" என்று பெயரில் வருகிற ரத்தினம் எது என்று யாரும் கேட்கவில்லை. அது மரகத புத்தர் சிலை. வாட் பிரா கேவ் கோயிலில் உயரமான பீடத்தில் இருக்கிறது. சிலை என்னவோ 66 சென்டிமீட்டர்தான், அண்ணாந்து பார்த்தாலும் சின்னதாகத் தெரியும். பருவத்துக்கு ஒன்றாக மூன்று பொன்னுடுப்பு, கோடை, மழை, குளிர் என்று. மாற்றுவது மன்னரே.

பெயரில் "மொரகோத்" என்று இருக்கும், நம் மரகதம்தான். ஆனால் அது மரகதம் இல்லை, ஜேட் வகைக் கல் என்பார்கள். எங்கள் மகேசாக் ரோட்டில் ஜேடை மரகதம் என்று சொல்லி விற்றால் மறுநாள் கடை திறக்க முடியாது! அங்கே மரகதம் என்பது பச்சை நிறத்துக்குச் சொன்ன பேர்.

இந்தச் சிலையை இந்திரனும் விஸ்வகர்மாவும் கல் கொண்டுவந்து நாகசேனருக்குச் செய்து கொடுத்தார்கள் என்று அவர்கள் புராணம். ஊர்ப்பெயரில் ஏன் திரும்பத் திரும்ப இந்திரன் வருகிறான், கடைசியில் ஏன் விஸ்வகர்மா வருகிறான் என்பதற்கு விடை கோயிலுக்குள் இருக்கிறது. ஊருக்குப் பேர் வைத்தவர் சிலையை மனதில் வைத்துத்தான் வைத்திருக்கிறார்.

#17 காயல் மைனர்

காக்கா, சிலை எங்கேயிருந்து வந்ததுன்னும் சொல்லிடுங்க. லாவோஸ் தலைநகர் வியன்டியானிலிருந்து 1779இல் படை போய் எடுத்துட்டு வந்தது. படைத்தலைவரா போனவர்தான் பின்னாடி மன்னர் முதலாம் ராமா ஆனார். லாவோஸ்காரன் இதை இன்னும் மறக்கலை.

#18 ஏட்டுச்சுவடி

சரியான இடத்துக்கு வந்துவிட்டோம். ஆண்டுகளை வரிசைப்படுத்திவிடுகிறேன், "1972இல் பெயர் மாற்றினார்கள்" என்ற பார்வர்டுக்கும் சேர்த்து.

1767இல் பர்மியப் படை அயுத்தயாவை எரித்தது. தளபதி தாக்சின் ஓடிவந்து தோன்புரியில், அதாவது மேற்குக் கரையில், அதாவது அசல் பாங்காக்கில் உட்கார்ந்தார். 1782இல் அவர் வீழ்ந்து முதலாம் ராமா பட்டத்துக்கு வந்தார். வந்ததும் ஆற்றைத் தாண்டிக் கிழக்குக் கரைக்குத் தலைநகரை மாற்றினார். அங்கே குடியிருந்த சீன வணிகர்களைச் சாம்பெங் வட்டாரத்துக்கு அனுப்பிவிட்டு அந்த இடத்தில் அரண்மனை. ஏப்ரல் 21, 1782, காலை 6:54க்கு முகூர்த்தம் பார்த்து நகரத் தூண் நாட்டினார்கள். முகூர்த்தத்தை நிமிடம் வரை எழுதி வைத்த ஊர் அது!

அவர் வைத்த பெயர் க்ருங் ரத்தனகோசின் இன் அயோத்தயா. மூன்றாம் ராமா காலத்தில் அது "க்ருங் தேப் மகாநகோன் போவோன் ரத்தனகோசின்" என்று வளர்ந்தது. நாலாம் ராமா, மோங்குட், அந்தப் போவோனை (பவர, சிறந்த) எடுத்துவிட்டு அமோன் (அமர) போட்டார். ஆக ஒரே நாளில் உட்கார்ந்து எழுதிய பெயர் இல்லை அது, மூன்று அரசர்கள் தொட்டது.

1972 என்பது நிர்வாக விஷயம். கிழக்குக் கரை பிரா நகோன் மாகாணம், மேற்குக் கரை தோன்புரி மாகாணம் என்று தனித்தனியாக இருந்ததை 1971 டிசம்பரில் இணைத்தார்கள். அடுத்த டிசம்பரில் அந்த இணைந்த நிர்வாகத்துக்கு க்ருங் தேப் மகாநகோன் என்று பெயர் சூட்டினார்கள். பாங்காக்கை ஒழித்துவிட்டு வேறு பெயர் வைத்த கதையெல்லாம் இல்லை.

#19 மணல்மேடு

க்ருங் தேப் என்பதே புதுசு இல்லை என்று எங்கேயோ படித்தேன். அயுத்தயாவுக்கும் அதே பட்டம் இருந்ததாமே?

#20 ஏட்டுச்சுவடி

இருந்தது. க்ருங் தேப் துவாரவதி ஸ்ரீ அயுத்தயா. துவாரகையும் அயோத்தியும் ஒரே பெயருக்குள். அதனால்தான் நான் க்ருங் தேப்பை ஊர்ப்பெயர் என்று சொல்லவே தயங்குகிறேன். அது அரசனோடு நகரும் பட்டம். எரிந்துபோன தலைநகரின் பட்டத்தைத் தூக்கிக்கொண்டுவந்து புது ஊருக்குச் சூட்டினார்கள், "மகிந்தரா யுத்தயா" என்று அந்தப் பழைய ஊரின் பெயரையும் உள்ளே செருகினார்கள். ராஜ்யம் அழியவில்லை, இடம்தான் மாறியது என்று அறிவிக்கிற பெயர். பாங்காக் அப்படி இல்லை. அது அந்த மண்ணில் முளைத்த பெயர், மண்ணை விட்டு நகராது. நகரவில்லை என்பதற்கு டாக்ஸிக்காரர் கேட்ட "நோயா, யாயா" போதும்.

சென்னை, மெட்ராஸ் ஒப்பீடு அதனால் இங்கே ஒட்டாது. நாம் 1996இல் செய்தது அரசாணை போட்டுப் பெயர் மாற்றம். அவர்களிடம் இரண்டு பெயரும் சொந்தப் பெயர், ஒன்று பிறந்த வீட்டுப் பெயர், இன்னொன்று பட்டாபிஷேகப் பெயர். அதுவும் ஐரோப்பியன் ஆளாத நாடு அது. காலனிப் பெயரை விரட்டினோம் என்று சொல்ல அவர்களுக்குக் காலனியே இருந்ததில்லை.

#21 ஆதித்தமிழ்க்குரல்

எல்லாரும் சமஸ்கிருதம், பாலி என்று சுற்றிச் சுற்றி வருகிறீர்கள். க்ருங் என்பது "குறிஞ்சி"யின் திரிபு. கோக் என்பது நம் "கொற்றம்". பாங்கு + கொற்றம் = பாங்காக். சோழன் கடாரம் கொண்டபோது வைத்த பெயர். மறைக்கப்பட்ட வரலாறு. பகிரவும்.

#22 ஏட்டுச்சுவடி

பகிர மாட்டோம். க்ருங் என்பதற்குப் பக்கத்து வீட்டிலேயே உறவு இருக்கிறது, கம்போடியாவின் கெமர் மொழியில் "க்ரோங்" என்றால் நகரம். சியம் ரீப் போனால் பலகையிலேயே பார்க்கலாம். குறிஞ்சி நிலத்தில் ஒரு மேடாவது இருக்கணும், பாங்காக் கடல் மட்டத்தை ஒட்டிய சேற்று நிலம். சோழப் படை போன 11ஆம் நூற்றாண்டில் அங்கே பெயர் வைக்க ஊரும் இல்லை.

தமிழுக்கு அந்த ஊரில் உண்மையான இடம் இருக்கிறது ஐயா, இட்டுக்கட்ட வேண்டிய அவசியமே இல்லை. அரசவைப் பிராமணர்கள் நடத்தும் ஒரு சடங்குக்குப் பெயர் "த்ரியம்பவாய் த்ரிபவாய்". காதில் விழுகிறதா? திருவெம்பாவை, திருப்பாவை. முன்பு நம் மார்கழியோடு ஒட்டி நடந்தது, இப்போதும் டிசம்பர், ஜனவரியில்தான். தேவசதான் கோயிலில் (தேவஸ்தானம்!) ஓதுவார்கள். ஓலையில் உள்ள எழுத்து கிரந்தத்திலிருந்து வந்தது. சொல் தேய்ந்து பொருள் மறந்துபோனாலும் ஓசை விடாமல் வந்திருக்கிறது. அந்தக் கோயிலும் எதிரே நிற்கும் அந்தச் சிவப்பு ராட்சத ஊஞ்சலும் 1784இல், அதாவது நகரம் பிறந்த இரண்டாம் வருஷம் எழுந்தவை. ஊஞ்சல் ஆடுவதை 1935இல் நிறுத்திவிட்டார்கள், ஓதுவது நிற்கவில்லை.

#23 கீழக்கரைக் கல்லுக்காரர்

சிலோம் மாரியம்மன் கோயிலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நம் ஆட்கள் 19ஆம் நூற்றாண்டில் கட்டியது. உள்ளூர்க்காரர் அதை "வாட் கேக்" என்பார்கள். கேக் என்றால் விருந்தாளி, வந்தவர். நம்ம மாதிரி ஆட்கள் எல்லாருக்கும் அதே பேர்தான், இந்து முஸ்லிம் வித்தியாசம் இல்லை.

#24 நெறியாளர்

கோயில், சடங்கு பற்றித் தனி இழை உள்ளது, அங்கே தொடரலாம். #21க்கு வந்த ஆறு பதில்களை நீக்கியிருக்கிறேன், அவற்றில் வாதம் எதுவும் இல்லை, வசவுதான் இருந்தது. பெயர் விவாதம் தொடரட்டும்.

#25 வெயில்காலம்

நான் கொஞ்ச காலம் பாங் ராக் வட்டாரத்தில் வேலை பார்த்தேன். "பாங்" பற்றிப் பேசியதால் சொல்கிறேன். பாங் நா, பாங் சூ, பாங் காபி, பாங் லம்பூ என்று ஊர் முழுக்க பாங்தான். நம் பக்கம் பாக்கம், குளம், துறை என்று முடிவதில்லையா, அவர்களுக்கு அது முன்னால் வந்து நிற்கும். பாங்காக் என்பதும் இந்தக் கூட்டத்தில் ஒரு பாங், அவ்வளவுதான். அதில் அரச வாசனையே கிடையாது.

பாங் ராக் கதை தனி. "ராக்" என்ற பெயரில் ஒரு மரமும் உண்டு, காதலுக்கும் அதே சொல். மரத்தை யார் நினைக்கிறார்கள்? காதலர் தினத்தன்று அந்த வட்டார அலுவலகத்தில் திருமணப் பதிவுக்கு விடியற்காலையிலிருந்தே ஜோடி ஜோடியாக வரிசை. பதிவு அலுவலரின் முகத்தைப் பார்க்கணுமே, அன்று ஒரு நாளும் அவருக்குச் சிரிப்பு வராது.

#26 கூடல்வாசி

2022இல் "பாங்காக் பெயர் மாறுகிறது" என்று நம் டிவியில் எல்லாம் ஓடியதே, அது என்ன?

#27 வெயில்காலம்

நான் அப்போது அங்கேதான். நடந்தது இவ்வளவுதான்: அங்கே ராயல் சொசைட்டி என்று மொழி விவகாரம் பார்க்கும் அரசு அமைப்பு ஒன்று உண்டு. வெளிநாட்டு ஊர்ப்பெயர்களை எப்படி எழுதுவது என்ற பட்டியலைத் திருத்தினார்கள். அதில் தங்கள் தலைநகருக்கு முன்பு "க்ருங் தேப் மகாநகோன்; பாங்காக்" என்று அரைப்புள்ளி போட்டிருந்தது. அதை "க்ருங் தேப் மகாநகோன் (பாங்காக்)" என்று அடைப்புக்குறிக்குள் போட்டார்கள். பிப்ரவரியில் அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. மறுநாள் உலகம் முழுக்க "பாங்காக் இனி இல்லை" என்று தலைப்பு. ஊரில் ஒரே கிண்டல், கொரோனாவில் கடை எல்லாம் மூடிக் கிடக்கும்போது இதுதான் அவசரமா என்று. கடைசியில் அந்த அமைப்பே, இரண்டில் எதை வேண்டுமானாலும் பயன்படுத்தலாம் என்று விளக்கம் கொடுத்தது.

பெயர்ப்பலகையில் பணம் போன கதையும் உண்டு. பாங் சூவில் கட்டிய புது ரயில் முனையத்துக்கு "க்ருங் தேப் அபிவாத்" என்று பெயர் வைத்தார்கள், நம் அபிவிருத்திதான். 2023 தொடக்கத்தில் அந்தப் பலகையை மாற்ற 33 மில்லியன் பாட் ஒப்பந்தம் என்று செய்தி வந்ததும் எழுத்துக்கு இத்தனை ரூபாயா என்று எல்லாரும் கணக்குப் போட ஆரம்பித்துவிட்டார்கள்.

#28 தென்காசித் தம்பி

நல்லவேளை, முழுப் பேரையும் பலகையில போடலை. நாடே திவாலாயிருக்கும்.

#29 கூடல்வாசி

மூன்று கேள்விக்கும் விடை கிடைத்தது. குழுவில் போட்டுவிட்டேன். மாந்தோப்பு போட்டவர் "மரம் மரம்தானே" என்று சமாளிக்கிறார். பார்வர்டு போட்டவர் குழுவை விட்டே வெளியேறிவிட்டார்.

எழுதும்போது எது போடலாம்? பாங்காக், பேங்காக், பாங்கொக்?

#30 மணல்மேடு

பேங்காக் வேண்டாம், அது பேங்கில் பணம் கட்டுகிற மாதிரி இருக்கிறது. இங்கிலீஷ் வழி வந்த ஓசை. ஒலிக்கு யாழ்ச்சுதன் எழுதுகிறதுதான் கிட்ட. இங்கே பழகிப்போனது பாங்காக். நான் பாங்காக் என்றே எழுதுவேன், பாங்கொக் என்று யாராவது எழுதினால் திருத்தப் போக மாட்டேன்.

#31 யாழ்ச்சுதன்

திருத்த வந்தால் நாங்கள் விடுவமே?

#32 காயல் மைனர்

மரகத புத்தர் புறப்பட்ட ஊரை மட்டும் யாரும் தொடலை. லாவோஸ்காரன் வாயில அது "வியங் சான்". வியங் என்றால் மதில் சூழ்ந்த ஊர். சான் என்கிறது சந்தனமா சந்திரனா? இரண்டு பக்கமும் ஆள் இருக்கு, சொல்ற ஓசை ஒண்ணுதான்.

#33 ஏட்டுச்சுவடி

சந்தனம் என்பேன். தாய்லாந்து எழுத்துக்கூட்டலில் கடைசியில் வாசிக்காமல் விடும் எழுத்து சந்தனத்துக்கு உரியது. ஆனால் லாவோ எழுத்தில் அப்படி ஊமை எழுத்துகளை வைத்துக்கொள்வதில்லை, அதனால் அங்கே பார்த்துச் சொல்ல முடியாது. நீங்களே புது இழை திறங்கள், அங்கே வருகிறேன்.